மூன்று எக்ஸலன்றும் ஒரு மோதிரமும்

என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களே,

போன கிழமை நீங்கள் எல்லாரும் சேர்ந்து போன் குழுவில் என்னைப் பிய்த்தெடுத்தீர்கள். அதற்கு ஒரு பதில் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

நடந்தது இவ்வளவுதான். உங்களில் ஒருத்தி தன் பேரன் கீறிய காகத்தின் படத்தை அனுப்பினாள். ஒவ்வொருத்தியாக 'எக்ஸலன்ற்', 'எக்ஸலன்ற்' என்று போட்டுக்கொண்டே போனீர்கள். நான் மட்டும், "காகத்தின் கால்விரல்கள் சரியாக இருக்கின்றன, பிள்ளை காகத்தைப் பார்த்துத்தான் கீறியிருக்கிறான்" என்று எழுதினேன். உடனே கனடாவில் இருக்கிறவள் தொடங்கிவிட்டாள். "உனக்கு ஒரு எக்ஸலன்ற் போட்டா கை தேஞ்சு போகுமோடி?" மற்றவர்களுக்குக் கேட்கவா வேண்டும்! நான் படிப்பித்த காலத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த 'பிசினாறி ரீச்சர்' என்ற பட்டத்தையும் யாரோ தோண்டி எடுத்துப் போட்டீர்கள்.

பட்டம் சரிதான். ஓய்வுபெறும் வரைக்கும் இங்கிலீசு படிப்பித்தேன், ஒரு பிள்ளையின் கொப்பியிலும் அந்தச் சொல்லை எழுதவில்லை. "கிணற்றுக் கயிற்றைப் பற்றி எழுதிய வரி நன்றாக இருக்கிறது" என்று எழுதுவேன். "இந்த வசனத்தை நீ யோசித்து எழுதியிருக்கிறாய்" என்று எழுதுவேன். அந்தச் சொல் மட்டும் கையில் வராது. ஏன் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது எங்கள் எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது, இனி ஒளித்து வைத்து என்ன காணப்போகிறேன்? கேளுங்கள். முடியும் வரைக்கும் நடுவில் பூப்படம் அனுப்பாதீர்கள்.

நாங்கள் ஐந்தாம் வகுப்பில் இருந்த வருடம். இங்கிலீசு ரீச்சர் புதிதாக வந்த வருடம் என்றால் உங்களுக்குச் சட்டென்று ஞாபகம் வரும். ஒல்லியான மனுஷி, வெள்ளைச் சேலை, சிவப்பு மைப் பேனை. திருத்திய கொப்பியை மேசையில் அடுக்கி வைத்து, ஆகத் திறமான கொப்பியைக் கடைசியாக எடுப்பார். அதில் பக்கத்தின் அடியில் சிவப்பு மையால் எக்ஸலன்ற் என்று எழுதி, கீழே ஒரு வளைந்த கோடு இழுத்திருப்பார். அந்தக் கொப்பிக்காரி எழும்பிப் போய் வாங்க வேண்டும். அந்தக் கோட்டுக்காக நாங்கள் ஒருத்தியோடு ஒருத்தி கதைக்காமல் கூட இருந்திருக்கிறோம்.

என் அப்பாவை உங்களில் சிலருக்குத் தெரியும். கப்பல் தையற்காரர். எங்கள் வீடு துறைமுக ஜெட்டிக்குப் போகும் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில். உள்துறைமுகத்தில் கப்பல் நங்கூரம் போட்டுவிட்டது என்று தெரிந்தால், அப்பா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மோட்டார் லோஞ்சில் ஏறிப் போவார். காற்சட்டைக்கு இடுப்புச் சின்னதாக்க வேண்டும், கோட்டுக்கு உள்துணி மாற்ற வேண்டும், சட்டைக்குப் பொத்தான் கட்ட வேண்டும், இப்படிக் கப்பல்காரருக்கு ஆயிரம் தேவை. உடுப்புகளைப் பொட்டணமாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்து, கப்பல் வெளிக்கிடுவதற்கு முன்னம் திருப்பிக் கொடுப்பார். கப்பல் வந்த நாளில் எங்கள் வீடு முழுக்கச் சிரட்டைக் கரி ஸ்திரிக்கைப் பெட்டியின் புகையும், வெளிநாட்டுச் சிகரெட் ஊறின கம்பளித் துணியின் மணமுமாகத்தான் இருக்கும். 

ஆனால் அறியாத மனிதனைக் கப்பல்காரர் ஏணியில் ஏற விடுவார்களா? அதற்குத்தான் புத்தகம். துறைமுகத்தில் கப்பலை நம்பிப் பிழைத்த ஒவ்வொருவரிடமும் அப்படி ஒன்று இருந்தது. முடிவெட்டுகிறவர், உடுப்புத் தோய்க்கிறவர், மரக்கறி கொண்டுபோகிறவர், எல்லாரிடமும்தான். வேலை முடிந்ததும் கப்பலில் ஒரு ஒஃபிஸரிடம் நீட்டினால் அவர் அதில் இரண்டு வரி எழுதித் தருவார். அடுத்த கப்பலில் அதைக் காட்டித்தான் ஏற வேண்டும். அப்பாவின் புத்தகம் கறுப்பு ரெக்சின் மட்டை போட்டது. தாள்களைத் தானே மெழுகு நூலால் தைத்திருந்தார். மழைக்கு நனையாமல் சட்டைக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு போவார். அதனால் புத்தகத்தில் எப்போதும் ஒரு வியர்வை மணம் இருந்தது.

அப்பாவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஒரே ஒரு சொல்லைத் தவிர. ஏதோ ஒரு கப்பலின் சமையற்காரர் முன்னொரு காலம் அவருக்கு அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டி, "இது இருக்கிற பக்கத்தைத் துணிந்து காட்டு, இதற்கு மேல் ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அப்பா அதை உருவத்தால் பிடித்து வைத்திருந்தார். முதலெழுத்து மூன்று பல் உள்ள சீப்பு, நடுவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாய்மரம். எந்தக் கையெழுத்தில் எழுதியிருந்தாலும் அந்தப் பாய்மரங்களைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். ஒருவர் எழுதிக் கொடுத்ததும் முதலில் சீப்பும் பாய்மரமும் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். இல்லாத பக்கங்களில் அவருக்கு அவ்வளவு மதிப்பு இல்லை.

எனக்கு முதன்முதல் அந்தச் சிவப்புக்கோடு கிடைத்த நாளில் வீட்டுக்கு ஓடி வந்து கொப்பியை விரித்துக் காட்டினேன். மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அப்பா காலை நிறுத்தினார். ஊசி குத்தாமல் விரலில் மாட்டியிருந்த பித்தளைக் கூட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லைத் தடவினார்.

"இஞ்ச பார், இது எங்கட சொல்லெல்லோ!" என்று குசினியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார். "இஞ்சாரும், ஓடிவாரும்! எனக்கு எழுதினதைத்தான் பிள்ளைக்கும் எழுதியிருக்கினம்."

உடனே அலுமாரியைத் திறந்து தன் புத்தகத்தை எடுத்தார். அவர் எப்போதும் முதலில் திறந்து காட்டும் பக்கம் ஒன்று இருந்தது. வெள்ளைச் சாயம் பூசிய கப்பல் ஒன்றில் வந்தவன், வெள்ளைக் கப்பல்காரன், எழுதின பக்கம். நீல மையில் ஐந்தாறு வரி, கீழே பெரிய கையெழுத்து, கப்பலின் முத்திரை. அந்த ஒரே பக்கத்தில் எக்ஸலன்ற் மூன்று தரம் இருந்தது. வேறு யாருடைய புத்தகத்திலும் அப்படி இல்லை என்பது அப்பாவின் பெருமை. அதை எழுதின நாளின் கதையை எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! மேல்தட்டில் கதிரை போட்டு ஆறேழு பேர் இருந்தார்களாம். ஒருவன் எழுதி உரத்து வாசிக்க, மற்றவர்கள் கை தட்டிச் சிரித்தார்களாம். ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்துத் தோளில் தட்டினானாம். "கப்பல்காரர் அவ்வளவு சந்தோசப்பட்டு நான் காணேல்ல" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லோஞ்சு ஓட்டுகிற காக்கா வீட்டுக்கு வந்திருந்தார், அண்ணன் முறையில் அவரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாக்காரர், அப்பாவைக் கப்பலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர், அப்பாவுக்கு ஒரே கூட்டாளி. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என்னை நடுவில் நிறுத்திப் புத்தகத்தைக் கையில் தந்தார்.

"பிள்ளைக்கு இப்ப இங்கிலீசு வாசிக்கத் தெரியும் காக்கா. வெள்ளைக் கப்பல்காரன்ர பக்கத்தை வாசி பாப்பம்."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உரத்து வாசித்தேன். முதல் வரியில் எக்ஸலன்ற் என்றதும் அப்பா காக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். அதற்கு அடுத்து வந்த சொல் எனக்குத் தெரியாது, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுப் போனேன். மூன்றாவது எக்ஸலன்றுக்கு அடுத்து வந்த சொல்லோ எனக்குத் தெரிந்த சொல். அந்த மாதம்தான் ரீச்சர் அந்தக் கதையைப் படிப்பித்திருந்தார். கூரையைப் பிரித்து இறங்கினவனின் கதை. அந்தச் சொல்லுக்குத் தமிழில் கள்ளன்.

நான் அதோடு நிறுத்திவிட்டேன்.

"என்ன மகள், நிப்பாட்டிட்டீங்க? தமிழ்ல சொல்லுங்க, எனக்கும் விளங்கட்டும்" என்றார் காக்கா.

அப்பா என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "அப்பா நல்லாத் தைப்பாராம். சொன்ன நேரத்துக்குக் குடுப்பாராம். இப்பிடி ஒரு தையற்காரரைக் காணேல்லையாம்."

"அல்லாவே! அப்ப பெரிய சங்கதிதான்" என்று காக்கா அப்பாவின் தொடையில் தட்டினார்.

மறுநாள் இடைவேளையில் நீங்களெல்லாம் மாங்கொட்டை எறிந்து விளையாட, நான் பள்ளிக்கூட அலுமாரியில் இருந்த அகராதியில் மற்றச் சொல்லைத் தேடினேன். பொய்யன். எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் இப்படி இருந்தது: இவன் ஒரு எக்ஸலன்ற் பொய்யன். இவன் தைத்துத் தரும் காற்சட்டை நீங்கள் குனியும்போது எக்ஸலன்ற் ஆகக் கிழியும். பொத்தான்களை எண்ணிக் கொடுங்கள், ஏனென்றால் இவன் ஒரு எக்ஸலன்ற் கள்ளன்.

அப்பா அவர்களுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவனின் கையில் இப்படி எழுதிக் கொடுத்து, அவன் அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவதைப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அதற்குத்தான் அந்தக் கைதட்டல், அதற்குத்தான் அந்தத் தொப்பி. அப்பா அந்தப் பக்கத்தை எத்தனை கப்பலில் முதலாவதாக விரித்துக் காட்டியிருப்பார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இப்போதும் அவர்களின் முகம் தெரியாதே என்றுதான் ஆத்திரம்.

அன்று பின்னேரம் அப்பா குளிக்கப் போன நேரம் அலுமாரியைத் திறந்து அந்தத் தாளைத் தையலோடு ஒட்டக் கிழித்தேன். எரிக்க நினைத்தேன், அடுப்படியில் அம்மா நின்றார். அதனால் என் இங்கிலீசுக் கொப்பிக்குப் போட்டிருந்த மண்ணிறக் கடதாசி உறையைப் பிரித்து உள்ளே வைத்து மூடிவிட்டேன். தாளின் மறுபக்கத்தில் பென்சிலால் ஏதோ பொடியாக எழுதியிருந்தது. அதில் சீப்பும் இல்லை, பாய்மரமும் இல்லை. நானும் அப்பாவின் பிள்ளைதானே. அந்தச் சொல் இல்லாத பக்கத்தை நானும் வாசிக்கவில்லை.

அப்பாவுக்கு அடுத்த கப்பலில்தான் தெரிந்தது. கச்சான் காற்று ஓயாமல் அடித்த காலம். லோஞ்சில் வரும்போது தாள் கழன்று பறந்திருக்க வேண்டும் என்று அவரே முடிவு கட்டினார். இரண்டு நாள் கரையோரமாக நடந்து கல்லிடுக்குகளில் தேடினார். "போகட்டும். நூலை இன்னும் இறுக்கித் தைச்சிருக்க வேணும், என்ர பிழைதான்" என்று அம்மாவிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் பெருக்கல் வாய்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

மாரி தொடங்கும் நேரம் ஒரு பெரிய கப்பல் வந்தது. அப்பா ஒரு ஒஃபிஸரின் கோட்டை எடுத்து வந்து தைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் ஜெட்டியில் இருந்து ஆள் வந்தது. கோட்டுப் பைக்குள் இருந்த கைக்கடிகாரத்தைக் காணவில்லையாம். அப்பா பைக்குள் ஒன்றும் இருக்கவில்லை என்று சத்தியம் பண்ணினார். ஜெட்டிக்குள் போக ஒரு பாஸ் வேண்டும், அதைக் கொடுக்கிற ஐயா ஒருவர் இருந்தார். அவர் சொல்லி அனுப்பினார்: நாளைக்குக் காலை வந்து விளக்கம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லையென்றால் கப்பல் இல்லை. கப்பல் இல்லையென்றால் நாங்கள் என்ன செய்வது? அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டார்.

அப்பா மட்டும் கலங்கவில்லை. "பயப்பிடாதையும். மோதிரத்தின்ர பக்கம் கிடக்கு" என்றார்.

அந்த மோதிரக் கதை எனக்கும் தெரியும். நான் பிறப்பதற்கு முன்னம் நடந்தது. ஒரு கப்பலின் கப்டனுக்குக் கோட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், வெட்டிப்போட்ட பழைய உள்துணிக்குள் ஒரு மோதிரம். வெளியே கொட்டுகிற மழை, கப்பல் நங்கூரம் தூக்கத் தொடங்கிவிட்டது. லோஞ்சும் இல்லை. அப்பா ஒரு சின்னத் தோணியைப் பிடித்து வலித்துக்கொண்டு போய்க் கத்திக் கூப்பிட்டு ஏணி போடுவித்து மோதிரத்தைக் கொடுத்தாராம். கப்டன் அந்த மழைக்குள்ளேயே புத்தகத்தை வாங்கி எழுதிக் கொடுத்தாராம்.

"பிள்ளை, அந்தப் பக்கத்தைத் தேடி ஒரு துண்டு வைச்சுத் தா. ஐயாவுக்கு நேர அதைக் காட்டோணும்."

நான் புத்தகத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். மையிலும் பென்சிலிலும் எழுதிய பக்கங்கள் இருந்தன, மோதிரம் என்ற சொல் எங்கேயும் இல்லை.

"நல்லாப் பார். பேனை மை மழைக்குக் கரையும் எண்டு அந்த மனுஷன் பென்சிலாலதான் எழுதினது."

பென்சில். நான் கிழித்த தாளின் மறுபக்கம். கொப்பியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, வாழைகளுக்குப் பின்னால் நின்று உறையைப் பிரித்தேன். பொடி எழுத்து, ஓர் இடத்தில் மழைத்துளி விழுந்து ஊதியிருந்தது. எல்லாம் விளங்கவில்லை. மோதிரம் விளங்கியது. மழை விளங்கியது. நேர்மை என்ற சொல்லும் விளங்கியது.

என் கையில் இருந்தது ஒரே ஒரு தாள். பென்சில் பக்கம் அப்பாவைக் காப்பாற்றும். நீலமைப் பக்கம் அப்பாவைக் கள்ளன் என்கிறது. பாஸ் ஐயா புத்தகங்களை முன்னும் பின்னும் பிரட்டி, சத்தமாக வாசித்துப் பார்க்கிறவர் என்று காக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். களவுக்கு விளக்கம் கேட்கிற இடத்தில், கப்பல் முத்திரையோடு கள்ளன் என்று எழுதிய தாளை அப்பாவே கொண்டுபோய் நீட்டுவதா? அதை ஐயா வாசிக்க, மூன்று எக்ஸலன்றுக்கும் அர்த்தம் இதுதான் என்று அப்பா அந்த மேசைக்கு முன்னால் நின்று அறிவதா? எனக்கு வயது பத்து. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கலாம், ரீச்சரிடம் ஓடியிருக்கலாம், உங்களில் ஒருத்தியிடமாவது சொல்லியிருக்கலாம். தாளைத் திரும்ப உறைக்குள் வைத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

"இல்லை அப்பா. அப்பிடி ஒரு பக்கம் இல்லை."

அவர் என்னை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைக்கு அந்தக் கையெழுத்து விளங்கவில்லை, ஐயாவுக்கு விளங்கும் என்று நினைத்துக்கொண்டார். காலையில் தோய்த்த வேட்டி கட்டி, புத்தகத்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் அப்பா திரும்பி வந்து நேரே போய் மெஷினுக்கு முன்னால் இருந்தார். கூடப் போன காக்காதான் முற்றத்தில் நின்று அம்மாவுக்குச் சொன்னார்.

"நம்மட ரெயிலர் மோதிரக் கதையை வடிவாத்தான் சொன்னாரு தங்கச்சி. எழுதிக் கிடக்குது, பாருங்க ஐயா எண்டாரு. அவரு ஒவ்வொரு தாளாப் பிரட்டினாரு. எல்லாம் பிரட்டி முடிச்சிட்டு, 'களவும் எடுத்து, இப்ப பொய்யும் சொல்றியா' எண்டு கேட்டாரு. நான் என்ன சொல்ல ஏலும்? எனக்கும் வாசிக்கத் தெரியாதே."

பொய்யன், கள்ளன். வெள்ளைக் கப்பல்காரன் விளையாட்டுக்கு எழுதின அந்த இரண்டு சொல்லையும் அப்பா அன்றைக்குத் தமிழில் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். கொப்பி என் கையில் இருந்தது. அப்போதும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அப்பா கப்பலுக்குப் போகவில்லை. ஒரு புடைவைக் கடை விறாந்தையில் மெஷினைப் போட்டு, பள்ளிக்கூடச் சட்டைகளும் தலையணை உறைகளும் தைத்தார். உங்கள் வெள்ளைச் சட்டைகளில் பாதி அவர் தைத்ததுதான். அடுத்த வருடம் காக்கா ஒருநாள் வந்து, அந்தக் கடிகாரம் கப்பலில் கட்டிலுக்கு அடியில் இருந்ததாம் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். உண்மையோ, அப்பாவைத் தேற்றச் சொன்னதோ, தெரியாது. பாஸைத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. கப்பல் ஊதும் சத்தம் கேட்டால் அப்பாவின் கால் மெஷினில் ஒரு கணம் நிற்கும், பிறகு மிதிப்பார்.

வருடங்கள் போயின. நான் இங்கிலீசு ரீச்சரானேன். பிரச்சினைக் காலத்தில், சண்டைக்குப் பயந்து, இரண்டு தரம் வீட்டை விட்டு ஓடினோம். அம்மா நகையை எடுத்தார், அப்பா கறுப்புப் புத்தகத்தை எடுத்தார், நான் ஐந்தாம் வகுப்புக் கொப்பியை எடுத்தேன். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு ஞாபகத்துக்கு என்றேன். கடைசியில் அன்புவழிபுரத்தில் குடியேறினோம், அம்மா அங்கேதான் கண்ணை மூடினார். அப்பாவுக்குச் சீனி வருத்தம் கண்ணைக் கொண்டுபோனது.

ஒருநாள் பின்னேரம், நான் பள்ளிக்கூடத்தால் வந்து அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் கப்பல் ஊதியது. அப்பா கோப்பையை மடியில் வைத்தார்.

"நான் அண்டைக்குப் பொய் சொல்லேல்ல பிள்ளை" என்றார்.

எனக்கு எது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"அந்த மோதிரக் கப்டன்தான் என்னை ஏமாத்திப் போட்டான். எழுதுறன் எண்டு சொல்லிப்போட்டு, கண்டபடி என்னத்தையோ கிறுக்கியிருக்கிறான். மழைக்குள்ள தோணி வலிச்சுக்கொண்டு போனவனுக்கு இப்பிடிச் செய்யலாமோ? பார், வெள்ளைக் கப்பல்காரர் எவ்வளவு நல்ல மனுசர்."

நாற்பது வருடமாக அந்த மனிதர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தன்னை மதித்தவனை ஏமாற்றுக்காரன் என்றும், தன்னைக் கேலி செய்தவர்களை நல்லவர்கள் என்றும். நான் அவமானத்தில் இருந்து காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, நான் காப்பாற்றியது இதைத்தான்.

எழும்பிப் போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். உறையைப் பிரித்தபோது கடதாசி பொடிப்பொடியாக உதிர்ந்தது. "அப்பா, அவர் எழுதியிருக்கிறார். அந்தத் தாள் என்னட்டத்தான் இருக்கு. நான்தான் கிழிச்சனான்" என்றேன்.

அவர் மடியில் இருந்த கோப்பையைத் தடவித் தரையில் வைத்தார். பிறகு, "ஏனம்மா?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என்னால் ஏலவில்லை. "கொப்பிக்கு உறை போட" என்று வந்தது.

"உறை போடக் கடதாசி இல்லையெண்டு அப்பாவுக்குச் சொல்லியிருக்கலாமே" என்றார். குரலில் கோபம் இல்லை. தன் பிள்ளைக்கு ஒரு கடதாசி வாங்கிக் கொடுக்கவில்லையே என்ற கவலைதான் இருந்தது. ஏசியிருந்தால், அறைந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"சரி, வாசி."

பென்சில் பக்கத்தைத் தமிழில் வாசித்தேன். "இந்தத் தையற்காரர் என் கோட்டின் உள்துணியில் என் மனைவியின் மோதிரத்தைக் கண்டு, கப்பல் நகரும் நேரத்தில், கடும் மழையில், தனியாகத் தோணி வலித்து வந்து தந்தார். பரிசு கொடுத்தேன், வாங்கவில்லை. இந்த நேர்மையான மனிதருக்கு இதை வாசிக்கிறவர்கள் ஒரு கதிரை கொடுங்கள்."

அப்பா கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எழுதித்தான் இருக்கிறான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவனை ஏசிப்போட்டனே" என்றார். அதற்கும் பிறகு, "அதில எக்ஸலன்ற் இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை அப்பா."

"அதுதானே, நான் அண்டைக்கே பாத்தனான். மற்றப் பக்கம் என்ன?"

"வெள்ளைக் கப்பல்."

அவருடைய முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்ல? "கடலுக்குப் போயிட்டுது எண்டெல்லோ நினைச்சனான்! வாசி, வாசி. முழுக்க வாசி."

தாளைத் திருப்பினேன். பொய்யன் என்று எழுதியிருந்த வரியைப் பார்த்துக்கொண்டு, "இவர் எக்ஸலன்ற் தையற்காரர்" என்று வாசித்தேன். கிழிந்த காற்சட்டையைப் பார்த்துக்கொண்டு, "இவர் தைத்தால் எக்ஸலன்ற் ஆக இருக்கும், இழை பிரியாது" என்றேன். கள்ளன் என்ற சொல்லின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, "எக்ஸலன்ற் மனிதர். பெட்டியைத் திறந்து விட்டுவிட்டுப் போகலாம்" என்றேன். ஒன்றும் பொய் இல்லை, அப்பா அப்படித்தான் இருந்தார். எழுதினவன்தான் பொய் எழுதினான்.

"சொல்லு எங்க கிடக்கு? விரலை வை" என்றார். அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து மூன்று இடத்திலும் வைத்தேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல். ஒவ்வோர் இடத்திலும் பாய்மரங்களைத் தேடித் தடவினார்.

"இனித் தாளைக் கழர விடாதே. புத்தகத்தில ஒட்டிவிடு" என்றார்.

குசினிக்குப் போய்ச் சின்னச் சட்டியில் கோதுமை மாப் பசை காய்ச்சினேன். நீலமைப் பக்கம் முழுக்கப் பூசி, அதைக் கீழே கவிழ்த்து வெற்றுத்தாள் ஒன்றின் மேல் ஒட்டினேன். மோதிரப் பக்கம் மட்டும் மேலே. அப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்து, பசை காயும் வரைக்கும் எடுக்காமல் இருந்தார்.

அவர் போய்விட்டார். புத்தகம் என்னிடம் இருக்கிறது. இப்போது யார் விரித்தாலும் அந்த இடத்தில் மோதிரத்தைத்தான் காண்பார்கள்.

இதுதான் சங்கதி. பேரனுக்கு அந்தச் சொல்லை நீங்கள் தாராளமாகப் போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. நான் காகத்தின் காலைப் பற்றி எழுதினால் மட்டும் கோபிக்காதீர்கள்.

அன்றைக்கு அந்த நீலமைப் பக்கத்தை மறைக்கப் பசை காய்ச்ச எனக்கு ஒரு கரண்டி மாத்தான் போனது. பத்து வயதில், அதே தாளோடு கிணற்றடியில் நின்றபோதும் எங்கள் குசினியில் மா இருந்தது.